'ஐ லவ் லூசி' தொடரின் படம் மட்டும் ஏன் இன்னும் பளிச்சென்று இருக்கிறது?

1951 அக்டோபரில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடரை இன்று போட்டாலும் முகங்கள் துல்லியமாகத் தெரிகின்றன. அதே காலத்து அமெரிக்க நிகழ்ச்சிகள் பலவும் கலங்கலாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. அவை நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போனவை. மற்ற ஊர்களுக்கு அனுப்ப, டிவி திரைக்கு எதிரே ஒரு ஃபிலிம் கேமராவை வைத்து, ஓடுகிற காட்சியை அப்படியே படம் பிடித்தார்கள். கினெஸ்கோப் என்ற அந்த நகலில் நுணுக்கமெல்லாம் போய்விடும்.

தொடரில் லூசியாக நடித்த லூசில் பாலும், ரிக்கியாக நடித்த அவர் கணவர் டெசி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு நியூயார்க்குக்கு நகர மாட்டோம் என்றார்கள். பார்வையாளர்களை எதிரே உட்கார வைத்து, நாடகம் போல நடித்து, அதை நேரடியாக 35 மி.மீ. ஃபிலிமில் எடுப்பது என்று முடிவானது. செலவு எகிறியது. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்குப் படங்களின் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சரி, எடுப்பது எப்படி? சினிமாவில் தூரக் காட்சியை எடுத்து முடித்து, நிறுத்தி, விளக்குகளை மாற்றி, அப்புறம்தான் முகத்தை நெருக்கத்தில் எடுப்பார்கள். இங்கே மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, ஒன்று மொத்த அறையையும் மற்றவை ஆட்களை நெருக்கத்திலும் பிடிக்கின்றன, நடுவில் நிறுத்தினால் பார்வையாளர்களின் சிரிப்பு அறுந்துவிடும். ஆக, எல்லாக் கோணத்துக்கும் ஒரே வெளிச்சம்தான் பொருந்த வேண்டும்.

இதைத் தீர்த்தவர் கார்ல் ஃப்ராய்ண்ட். 1927-இல் வெளிவந்த 'மெட்ரோபோலிஸ்' படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர், நிழலை வைத்தே மிரட்டியவர், இங்கே நிழலே விழாமல் பார்த்துக்கொண்டார்! கேமராக்கள் தடையின்றி உருள வேண்டும் என்பதால் விளக்குகளை மேலே தொங்கவிட்டு, வெளிச்சத்தைச் சமமாகப் பரப்பினார். முகத்துக்கு நேரே விழும் சிறு விளக்கு மட்டும் கேமராவின் மேலேயே இருந்தது. டிவியில் கறுப்பும் வெள்ளையும் இன்னும் அழுத்தமாகத் தெரியும் என்பதால், அரங்கத்துக்குப் பூசிய வண்ணங்களெல்லாம் சாம்பல் நிறச் சாயல்கள். எனக்கு இந்தத் தொடரிலேயே பெரிய சாதனை இந்த ஒளியமைப்புதான்.

ஃபிலிம் கையில் இருந்ததன் பலன் சீக்கிரமே தெரிந்தது. 1952-53இல் லூசில் பால் கர்ப்பமாகி ஓய்வெடுத்தபோது, பழைய அத்தியாயங்களையே புது முன்னுரை சேர்த்து மறுபடி ஒளிபரப்பினார்கள். கினெஸ்கோப்பை வைத்து இப்படிச் செய்திருந்தால் பார்க்கச் சகித்திருக்காது.

எல்லோருக்கும் நினைவிருக்கும் அந்த இதய வடிவ டைட்டில்கூட மறுஒளிபரப்புக்காகப் பின்னாளில் செய்ததுதான். முதலில் ஓடியது கார்ட்டூன். அதில் லூசியும் ரிக்கியும் குச்சி உருவங்களாக, விளம்பரதாரரான ஃபிலிப் மோரிஸின் சிகரெட் பெட்டியோடு வருவார்கள்.