பட்டாளத்து டிரங்குப் பெட்டிக்கு எந்தத் தலைப்பில் பணம் கேட்பது?

மதுரையில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். பாடம் எடுத்த நேரம் போக, மாணவர்களின் நல்கை விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுப்பதிலேயே பாதி நாள் போய்விடும். வருஷத்துக்கு ஒருவராவது "தாத்தா பட்டாளத்தில இருந்தாரு, சப்பான்காரன்கிட்ட கைதியா இருந்தாராம், அதையே பிஎச்.டி.யா பண்ணலாமா ஐயா?" என்று வந்து நிற்பார். தாராளமாகப் பண்ணலாம். ஆனால் அந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை போன வேகத்தில் திரும்பி வருகின்றன. தலைப்பில் குறை இருப்பதில்லை, பட்ஜெட் பக்கத்தில்தான் கோளாறு.

ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். போர்க்கைதிகளை எப்படி நடத்தவேண்டும் என்று சொல்லும் 1929 ஜெனீவா உடன்படிக்கைப்படி, பிடிபட்டவன் முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு ஓர் அஞ்சலட்டை எழுத விடவேண்டும். கைதிகளின் தபாலுக்குத் தலை ஒட்ட வேண்டியதில்லை. யார் யார் பிடிபட்டார்கள் என்ற விவரமும் ஜெனீவாவிலிருந்த செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போகவேண்டும். ஜெர்மனியும் இத்தாலியும் இதை ஏற்றுக்கொண்ட நாடுகள். ஆகவே வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டு இத்தாலியின் அவெஸ்ஸானோ முகாமிலோ ஜெர்மனியின் அன்னாபுர்க்கிலோ இருந்த இந்தியச் சிப்பாய்களைக் காகிதத்தின் வழியே தேடிப் பார்க்க முடிகிறது. ஜப்பான் அந்த உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டதே தவிர ஒப்புதல் தரவில்லை. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்து, இரண்டு நாள் கழித்து ஃபாரர் பார்க் மைதானத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களைப் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்களே, அவர்களில் ஐ.என்.ஏ.வில், அதாவது இந்திய தேசிய ராணுவத்தில், சேர்ந்தவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். சேராமல் நின்று, கூலி வேலைக்காக நியூகினி வரை கப்பலேற்றப்பட்டவர்களைப் பற்றிக் கிடைக்கும் காகிதம் மிகவும் கொஞ்சம்.

நம் மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? காகிதம் இருக்கிற இடத்துக்குப் போக மட்டும் பணம் கேட்கிறார்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ரயில் டிக்கெட், லண்டனுக்கு விமான டிக்கெட், ஒரு லேப்டாப். சரி, பேரையூர்ப் பக்கம் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் தன் அப்பாவைப் பற்றிச் சொல்வதைப் பதிவு செய்ய, அதை எழுதி எடுக்க, பெட்டியில் இருப்பதை ஸ்கேன் செய்ய யார் காசு கொடுப்பது? ஒரு மணி நேரப் பேச்சை எழுதி எடுக்க எனக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகிறது, அதுவும் பாட்டிக்குப் பல் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். இந்தச் செலவுக்கு விண்ணப்பத்தில் ஒரு வரிகூட இருக்காது. காகிதமே இல்லாத விஷயத்தில் காகிதத்தை உண்டாக்குவதுதான் ஆய்வு, அதற்குத்தான் பணம் கேட்கவேண்டும்.

பேராசிரியர்களே செய்கிற தவறு இன்னொன்று. ஜப்பானியர் போர்க்காலத்தில் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையில் செத்துப்போன மலாயா தோட்டத் தமிழர்களையும் போர்க்கைதிகள் என்று எழுதிவிடுகிறார்கள். அவர்கள் சிப்பாய்கள் இல்லை, கூலிகளாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள். சாவு என்னவோ ஒன்றுதான், ஆனால் ஆவணம் வேறு, தேடும் இடமும் வேறு. இரண்டையும் ஒரே தலைப்பில் கட்டினால் விண்ணப்பத்தைப் பார்க்கிறவர் முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார், நானாக இருந்தாலும் மூடிவிடுவேன்.

பணம் எங்கே கேட்பது? ஐ.சி.எச்.ஆரில், அதாவது இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தில், ஆவணக் காப்பகங்களுக்குப் போய்வரவென்றே தனியாக ஒரு சிறு நல்கை உண்டு. முழு பெல்லோஷிப்புக்காகக் காத்திருக்கிறவர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. கிராமத்துக் களப்பணி என்றால் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். எனப்படும் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டங்களைப் பாருங்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் ஸ்கேன் செய்ய மட்டும்தான் பணம் தரும், புத்தகம் எழுதத் தராது, மூலப் பிரதி நம் நாட்டிலேயே இருக்கவேண்டும் என்பது அதன் விதி. எங்கே வாங்கினாலும் ஆட்டோ செலவு வரை வவுச்சர் எழுதி வையுங்கள். கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் போகாமல் அடுத்த தவணை வராது, என் மாணவி ஒருத்தி ஜெராக்ஸ் பில் தொலைந்ததால் எட்டு மாதம் கைக்காசில் ஓட்டினாள்.

குடும்பத்தாருக்கு: "ஜெனீவாவுல இருந்து ரெக்கார்டு எடுத்துத் தர்றேன், சப்பான்ல இருந்து நஷ்ட ஈடு வரும்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் அப்படிப் பதினைந்தாயிரம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார்கள். பணம் வாங்கிய ஆள் கொடுத்திருந்தது, போரில் இறந்தவர்களைப் பதிவு செய்யும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கக்கூடிய ஒரு பக்கத்தின் பிரிண்ட். அதிலிருந்ததும் அதே பெயருள்ள வேறொருவர், பட்டாள நம்பரே ஒத்துப்போகவில்லை. இவர்கள் தாத்தாவோ 1946-இல் உயிரோடு ஊர் திரும்பியவர்.

அந்த வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தா பட்டாளத்திலிருந்து விடுபட்டபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று பேரன் அதைத் தாள் தாளாகப் பிரித்து, இரண்டிரண்டாக முதுகோடு முதுகு ஒட்டி, லேமினேட் செய்து வைத்திருந்தார். முகாம் பெயர் ஏதாவது இருந்திருந்தால் உள்ளே போன பக்கங்களில்தான் இருந்திருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒரு ஊதா முத்திரையின் வட்டம் மட்டும் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை.