வயர்லெஸ்ஸில் திட்டுவது கண்டிப்பு ஆகாது

காவலர்களுக்கு மனநல ஆலோசனை கொடுப்பது என் வேலை. சமீபத்தில் வந்த ஒருவருக்குப் பல நாளாகத் தூக்கம் இல்லை, வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை. விபத்தும் பிணமுமாகப் பார்த்து இப்படி ஆகிவிட்டார் என்று மனைவி நினைத்திருந்தார். காரணம் அதுவல்ல. மேலதிகாரி அவரை வயர்லெஸ்ஸில் எல்லோரும் கேட்க அசிங்கமாகத் திட்டியிருக்கிறார். இதே கதையை எத்தனை பேரிடம்தான் கேட்பது?

"கண்டிப்பு காட்டினால்தான் ஃபோர்ஸ் கட்டுப்படும்" என்கிறார்கள். சரி, காட்டுங்கள். தவறு செய்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் தரப்பைக் கேட்டு, விதிப்படி நடவடிக்கை எடுங்கள். அதுதான் கண்டிப்பு. ஜூனியர்கள் முன்னால் மானத்தை வாங்குவதற்கு அந்தப் பெயர் கிடையாது. திட்டு வாங்கியவர் அடுத்த முறை தவறைத் திருத்த மாட்டார், மறைப்பார். கூட இருந்து பார்த்தவர்களும் மறைக்கக் கற்றுக்கொள்வார்கள். அப்புறம் நிலையத்தில் என்ன நடக்கிறது என்பது அந்த அதிகாரிக்கே கடைசியாகத்தான் தெரியும்.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா காவலர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. துறை தங்களை நியாயமாக நடத்துகிறது என்று நினைத்த காவலர்கள் முறைகேட்டில் சிக்கியது குறைவு. சக காவலரின் தவறுக்கு வாய்மூடி இருக்கும் பழக்கத்தையும் அவர்கள் அவ்வளவாக ஏற்கவில்லை. அமெரிக்காவிலேயே வேறு நகரக் காவலர்களைப் பற்றி 2003-ல் வந்த இன்னொரு அறிக்கை, எவ்வளவு மேற்பார்வை செய்கிறார்கள் என்பதைவிட எப்படிச் செய்கிறார்கள் என்பதே காவலரை அதிகம் பாதிக்கிறது என்றது. களத்தில் கூடவே நிற்கும் அதிகாரி அடிக்கடி பலப்பிரயோகம் செய்பவராக இருந்தால், அவருக்குக் கீழே இருப்பவர்களும் அதிகமாகச் செய்தார்கள். அதிகாரி கை நீட்டுவதைப் பார்த்து வளர்ந்த காவலர், பொதுமக்களிடம் மட்டும் பொறுமையாக இருப்பார் என்று எப்படி எதிர்பார்க்கிறீர்கள்?

அதிகாரிகளே, டியூட்டி பட்டியலை முன்கூட்டியே கொடுங்கள். விடுப்பு மறுத்தால் காரணம் சொல்லுங்கள். இரவுப் பணி முடித்தவரை அப்படியே பகலுக்கும் நிறுத்தாதீர்கள். ஆலோசனைக்கு வந்தவரைப் பலவீனமானவர் என்று முத்திரை குத்தாதீர்கள். அந்தப் பயத்தில்தான் பலர் கைமீறிய பிறகு வருகிறார்கள்.

ஒருவர் திடீரென்று ஒதுங்கிப்போனால், "இருந்து என்ன பயன்" என்று பேசினால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இருக்கிறது என்றால் துப்பாக்கி இல்லாத பணிக்கு அன்றே மாற்றுங்கள், சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள். தயவுசெய்து அதை ஒரு தண்டனை போலச் செய்யாதீர்கள்.