வேலை தள்ளிப்போனது யாருக்குத் தெரியும்?

விரைவுச்சாலை விரிவாக்க வேலையைப் பற்றி ஓரத்து வீடுகளுக்கு நாங்கள் அனுப்பும் கடிதத்தை அந்தப் பெரியவர் வரி விடாமல் படித்தவர். செவ்வாய் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை விரைவுச்சாலையின் பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுப்போம், சத்தம் அதிகம் இருக்கும் என்று அதில் எழுதியிருந்தோம். உடம்பு முடியாத மனைவியைக் கூட்டிக்கொண்டு அவர் செவ்வாய் மாலையே மகள் வீட்டுக்குப் போய்விட்டார். புதன்கிழமை வீடு திரும்பி, கண்டம் கழிந்தது என்று நிம்மதியாகப் படுத்திருக்கிறார். இரவு பத்தரைக்கு ஜன்னலுக்கு நேர் எதிரே இயந்திரம் உறுமத் தொடங்கியது.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை பிற்பகலிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் புதுத் தார் போட முடியாது. சுரண்டிப்போட்ட சாலையை அப்படியே விட்டு விடிகாலையில் வண்டிகளுக்குத் திறக்கவும் முடியாது. எனவே நான்கு மணிக்கே வேலையை மறுநாளுக்குத் தள்ளிவிட்டோம். லாரி ஓட்டுநர்களுக்குத் தெரியும். தார்க்கலவை ஆலைக்குத் தெரியும். தடுப்பு வைக்கிற பையன்களுக்கும் தெரியும். அந்தத் தெருவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"உங்கள் கடிதத்தைக் குப்பையில் போட்டவனுக்கு ஒரு ராத்திரிதான் போயிற்று, தம்பி. அதை நம்பிய எனக்கு இரண்டு போயிற்று" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

நான் படித்தது கட்டுமானப் பொறியியல். சில ஆண்டுகளாகப் பார்ப்பதோ, விரைவுச்சாலை விரிவாக்கத்துக்கும் அதன் ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கும் நடுவில் நிற்கிற வேலை. என் அனுபவத்தில் மக்கள் இரைச்சலைப் பொறுத்துக்கொள்கிறார்கள், தூசியைப் பொறுத்துக்கொள்கிறார்கள். சொன்னதற்கு மாறாக நடந்து, அதையும் சொல்லாமல் விட்டால்தான் பொறுப்பதில்லை. அப்படி ஒரு முறை நடந்துவிட்டால், அடுத்த பத்துக் கடிதங்களும் பிரிக்கப்படாமலே போகும்.

எங்கள் கடிதங்களின் மொழியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "தவிர்க்க முடியாத காரணங்களால் தற்காலிக இடையூறுகள் ஏற்படக்கூடும், பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்க வேண்டுகிறோம்." நானே எழுதியிருக்கிறேன், பலமுறை. இதில் இருக்கும் தகவல் சுழியம். அந்தப் பெரியவருக்குப் பிறகு நான் எழுதுவது இப்படி: "வியாழன் இரவு 10 முதல் காலை 5 வரை. உங்கள் தெருமுனையிலிருந்து மேம்பாலம் வரை. சத்தம் மிகுந்த பகுதி 1 மணிக்குள் முடியும். மழை பெய்தால் வெள்ளி இரவு. மாற்றம் இருந்தால் மாலை 5 மணிக்குள் உங்கள் கைபேசிக்குச் செய்தி வரும்." அந்த நான்காவது வாக்கியத்தைச் சேர்க்க மேலதிகாரிகளிடம் மன்றாட வேண்டியிருந்தது. மழை வந்தால் என்ன செய்வோம் என்று முன்கூட்டியே சொல்வது பலவீனமாகத் தெரியுமாம்!

யாருக்கு அனுப்புகிறோம் என்பது அதைவிடப் பெரிய ஓட்டை. பெரும்பாலான திட்டங்களில் வரைபடத்தை எடுத்து, சாலையின் இருபுறமும் ஒரு பட்டை வரைந்து, அதற்குள் விழும் வீடுகளுக்குக் கடிதம் போடுவார்கள். இரைச்சல் அந்தப் பட்டைக்குள் பெருமளவு அடங்கலாம். போக்குவரத்து அடங்காது. இரவில் விரைவுச்சாலையை மூடினால் சரக்கு லாரிகள் எல்லாம் மாற்றுப்பாதையில் போகும். அந்தப் பாதை இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஏதோ ஓர் அமைதியான தெரு வழியாக இருக்கும். அங்கே ஒரு வீட்டுக்கும் கடிதம் போயிருக்காது. நான் பார்த்த மிகக் கோபமான கூட்டம் அப்படிப்பட்ட தெருவில்தான் நடந்தது. விரிவாக்கம் நடப்பதே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. கடிதம் போகும் இடத்திலும் அது வீட்டு உரிமையாளர் பெயருக்குப் போகிறது. உள்ளே தூங்குகிறவர் வாடகைக்கு இருப்பவர். இரவுப் பணிக்குப் போய்ப் பகலில் தூங்குகிறவர்களோ எங்கள் கணக்கிலேயே வருவதில்லை. மாலை ஆறு மணிக் கூட்டத்துக்கு அவர்களும் வரமாட்டார்கள்.

தகவல் ஒழுங்காகப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்வேன். 2011 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸின் 405 நெடுஞ்சாலையில், சுமார் 16 கிலோமீட்டர் நீளத்தை ஒரு வார இறுதி முழுக்க மூடினார்கள். மேலே போகும் பாலத்தின் ஒரு பாதியை இடிக்க வேண்டியிருந்தது. ஊரே ஸ்தம்பித்துப்போகும் என்று வாரக்கணக்கில் முரசு அறைந்தார்கள். கடைசியில் சாலைகள் காலியாகக் கிடந்தன. வேலை ஏறத்தாழ 17 மணி நேரம் முன்னதாகவே முடிந்தது. 2024 மார்ச்சில் லண்டனைச் சுற்றி ஓடும் எம்25-இல் சுமார் 8 கிலோமீட்டரை மூடினார்கள். அந்தச் சாலை 1986-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, திட்டமிட்டுப் பகலிலும் மூடியது அதுவே முதல் முறை. அங்கேயும் கணித்த அளவுக்குக் குழப்பம் இல்லை. குறித்த நேரத்துக்கு முன்பே திறந்தார்கள். எனக்குப் பிடித்தது அவர்கள் சொன்ன ஒரு சின்ன விஷயம்: வழிகாட்டும் செயலியை நம்பிச் சந்துகளில் நுழையாதீர்கள், பலகை காட்டும் மாற்றுப்பாதையிலேயே போங்கள் என்றார்கள். நான் மேலே சொன்ன அமைதியான தெரு அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

ஆனால் முரசு அறைவது ஒரு வார இறுதிக்குச் சரிப்படும். மூன்று வருட வேலைக்கு அது உதவாது.

சாலையோரத்தில் வீடு இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அதிகம் வரும் அழைப்பு விரிசலைப் பற்றியது. சாலையை அழுத்தும் உருளை ஓடும்போது அலமாரியில் பாத்திரங்கள் கலகலக்கும். வீடே இடிந்துவிடும் என்று தோன்றும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மனித உடல் அதிர்வை உணர்வதில் மிகக் கூர்மையானது. அதிர்வை, தரை எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதை வைத்து அளப்போம். வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் நொடிக்கு 0.3 மில்லிமீட்டர் அளவு அதிர்வையே உணர்ந்துவிடுவார். குடியிருப்புகளின் அடித்தளத்துக்கு ஜெர்மன் தரநிலை வைக்கும் மிகக் கறாரான வழிகாட்டு அளவு நொடிக்கு 5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் தரநிலையில் பூச்சு விரிசலுக்கான அளவே நொடிக்கு 15 மில்லிமீட்டரில் தொடங்குகிறது. ஒருமுறை ஒரு வீட்டில் அதிர்வுமானியை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். அன்று பதிவான உச்சம், அந்த வீட்டுப் பையன் மாடிப்படியிலிருந்து குதித்தபோது வந்தது. அம்மா சிரித்துவிட்டார்.

அதற்காக எல்லா விரிசலும் பழையது என்று நாங்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். வேலை தொடங்கும் முன் உங்கள் வீட்டின் நிலையைப் பதிவுசெய்யச் சொல்லிக் கேளுங்கள். திட்டத்திலிருந்து யாரும் வராவிட்டால் நீங்களே படம் எடுங்கள்: ஒவ்வொரு சுவரும், ஒவ்வொரு மூலையும், இருக்கிற விரிசலுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, தேதியோடு. களிமண் பூமியில் வெயில் காலத்தில் விரிசல் விரியும், மழையில் சுருங்கும்; எனவே படத்தில் தேதி இல்லாவிட்டால் பயன் பாதிதான். அதிர்வு அளவீடு எடுக்கிறோம் என்று சொன்னால் எண்ணைக் கேளுங்கள். "வரம்புக்குள் இருக்கிறது" என்பது எண் ஆகாது.

பின்னோக்கி வரும் வண்டிகள் எழுப்பும் "பீப் பீப்" ஒலியைப் பற்றியும் கேட்கலாம். ஒரே சுருதியில் அடிப்பதால் அது தொலைவுக்குப் போய்த் தூக்கத்தைக் குத்தும். அதற்குப் பதிலாகப் பல சுருதிகள் கலந்து, காற்றுச் சீறுவது போல ஒலிக்கும் ஒலிப்பான் உண்டு. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகக் கேட்கும், சற்றுத் தள்ளிப் போனால் மங்கிவிடும். செலவும் பெரிதில்லை. யாரும் கேட்காததால் பல இடங்களில் மாற்றாமல் கிடக்கிறது.

கடைசியாகத் தொலைபேசி. எல்லாத் துண்டறிக்கையிலும் "24 மணி நேர உதவி எண்" என்று தடித்த எழுத்தில் இருக்கும். புதிய திட்டத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, அந்த எண்ணை நானே அழைத்துப் பார்ப்பது என் வழக்கம். போன முறை நெடுநேரம் மணி அடித்த பிறகு ஒருவர் எடுத்தார். சாலை வேலைச் சத்தம் தாங்க முடியவில்லை, எப்போது முடியும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு தூக்கக் கலக்கத்தோடு கேட்டார்: "எந்தச் சாலைங்க?"