டொமைனை யாரும் வாங்குவதில்லை

போன வாரம் மறுபடியும் ஒரு போன். "சார், நேத்து ராத்திரியில இருந்து வெப்சைட் வரல. மெயிலும் வரல. சர்வர் போயிடுச்சுன்னு நினைக்கிறோம், கொஞ்சம் பார்க்க முடியுமா?" இருபது பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனம். தெரிந்தவர் மூலமாக என்னைப் பிடித்திருக்கிறார்கள்.

வெப்சைட்டும் மெயிலும் ஒரே இரவில் படுத்தால் நான் சர்வர் பக்கமே போவதில்லை. பெரும்பாலும் அவை இரண்டும் வெவ்வேறு இடத்தில் ஓடுபவை. இரண்டுக்கும் பொது என்று இருப்பது டாட் காம் என்றெல்லாம் முடியும் இணையப் பெயர், அதாவது டொமைன் ஒன்றுதான். முகவரியைத் தட்டினேன். அவர்கள் பெயருக்குக் கீழே கடன் அட்டை விளம்பரமும் முடி வளர்க்கும் தைல விளம்பரமும் வரிசையாக நின்றன.

"உங்க டொமைன் முடிஞ்சு 22 நாள் ஆச்சுங்க. நேத்துதான் நிறுத்தியிருக்காங்க."

"முடிஞ்சுதுன்னா என்ன அர்த்தம் சார்? அதை ஆறு வருஷத்துக்கு முன்னாடியே வாங்கிட்டோமே!"

இந்த "வாங்கிட்டோமே"வை இத்தனை வருடத்தில் எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். பலசரக்குக் கடைக்காரரும் சொல்வார், நாற்பது புரோகிராமர் வைத்திருக்கும் தொழில்நுட்ப இயக்குநரும் சொல்வார். அதனால் பொறுமையாக, ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன்.

டொமைனை யாரும் வாங்குவதில்லை. வாங்கவும் முடியாது. நீங்கள் கட்டியது வாடகை. ஒரு வருடத்துக்குக் கட்டலாம், ஐந்து வருடத்துக்குக் கட்டலாம். டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு அதிகபட்சம் 10 வருடம். அதற்கு மேல் முன்பணமாகக் கட்ட நினைத்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கெடு முடிந்தால் திரும்பக் கட்ட வேண்டும், இல்லையென்றால் பெயர் பொதுவுக்குத் திரும்பிவிடும். நிலம் வாங்கினால் பத்திரம் உண்டு. வரி கட்ட மறந்தால்கூட மறுநாள் காலையில் வேறொருவர் குடிவந்துவிட மாட்டார். இங்கே சில வாரங்களில் வந்துவிடுவார். சட்டப்படியே வருவார். "முழு பணமும் கட்டிட்டோம் சார்", "ரசீது இருக்கு சார்", "லோகோவையே அந்தப் பேர்லதான் பதிவு பண்ணியிருக்கோம் சார்" என்று என்னிடம் வாதாடிப் பயனில்லை. டிரேட்மார்க் வேறு, டொமைன் வேறு. டிரேட்மார்க் வைத்திருந்தால் பிறகு வழக்காடிப் பெயரைத் திரும்பப் பெற வாய்ப்பு உண்டு, அது மாதக் கணக்கில் ஆகும் வேலை. அதுவரை உங்கள் வாடிக்கையாளர் தைல விளம்பரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

சர்வருக்கு மாதாமாதம் கட்டுகிறோமே, அதில் டொமைனும் அடக்கம்தானே என்பார்கள். இல்லை. ஹோஸ்டிங் என்பது வீடு, டொமைன் என்பது தெருவில் உங்கள் பெயர்ப்பலகை. இரண்டையும் ஒரே கம்பெனி ஒரே பில்லில் விற்றாலும் இரண்டுக்கும் கெடு வேறு, கணக்கு வேறு.

"வாங்குவது" என்ற சொல் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று யோசித்ததுண்டு. ஆரம்பத்தில் இந்த வலையில் இருந்த கணினிகளின் பெயரெல்லாம் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் அதைப் பராமரித்தார்கள், மற்றவர்கள் அவ்வப்போது நகல் எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983இல் அமெரிக்கக் கணினி விஞ்ஞானி பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த, பெயரைக் கேட்டால் கணினியின் எண் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் முறைதான் இன்றுவரை ஓடுகிறது. முதல் டாட் காம் பெயர் பதிவானது 1985 மார்ச் 15இல். 1995 வரை பதிவு இலவசம்! அந்த செப்டம்பரில்தான் இரண்டு வருடத்துக்கு 100 டாலர் என்று வசூலிக்கத் தொடங்கினார்கள். பணம் கைமாறியதும் மனிதமனம் அதை வாங்கல் கணக்கில் எழுதிக்கொண்டது போல. நான் தொழிலுக்கு வந்த 90களின் கடைசியில், பெயர் பதிய ஒரு படிவத்தை மெயிலில் நிரப்பி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இப்போது இரண்டு நிமிட வேலை. எளிதாக வந்தது எளிதாக மறந்தும் போகிறது.

சரி, அந்த நிறுவனத்துக்கு வருவோம். கெடு முடியப்போகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லையா? சொல்லியிருக்கிறார்கள். பொதுப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பின் விதிப்படி, கெடுவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, முடிந்த ஐந்து நாளுக்குள் ஒன்று என மூன்று நினைவூட்டல்களை ரிஜிஸ்ட்ரார், அதாவது பெயரைப் பதிந்து தரும் கம்பெனி, அனுப்பியாக வேண்டும். மூன்றும் போயிருக்கின்றன, வெப்சைட் செய்துகொடுத்த பையனின் மெயிலுக்கு. அந்த மெயில் முகவரி இதே டொமைனில் அவனுக்காகத் திறக்கப்பட்டது. அவன் விலகி மூன்று வருடம் ஆகிறது. பெட்டியை யாரும் திறக்கவில்லை.

இனிதான் வேடிக்கை. ரிஜிஸ்ட்ரார் கணக்கில் நுழைந்து பணம் கட்டலாம் என்றால் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. "பாஸ்வேர்ட் மறந்துவிட்டேன்" என்று அழுத்தினால் புது இணைப்பு அதே மெயிலுக்குப் போகிறது. அந்த மெயில் வேலை செய்ய டொமைன் உயிரோடு இருக்க வேண்டும். டொமைன் உயிர்பெற அந்த மெயில் வேண்டும். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திய கதை.

கடைசியில் அந்தப் பையனைத் தேடிப் பிடித்தார்கள். பாவம், நல்ல பையன். பதறிப்போனான். ஆனால் ஓடிபி போகும் எண் அவனுடைய பழைய எண், இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. பதிவேட்டில் உரிமையாளர் என்று இருந்ததும் அவன் பெயர்தான், நிறுவனத்தின் பெயரே அதில் எங்கும் இல்லை. நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழ், வரி எண் எதையும் ரிஜிஸ்ட்ரார் மதிக்கவில்லை. மதிக்கவும் கூடாது, அவர்கள் செய்தது சரிதான். அவன் தன் அடையாள அட்டையை அனுப்பி, கடிதம் எழுதி, கணக்கைத் திறக்க நான்கு நாள். அந்த நான்கு நாளும் வந்த மெயில்கள் அனுப்பியவர்களுக்கே திரும்பிப் போயின. அதில் ஒன்று டெண்டர் அழைப்பு என்று பிறகு தெரிந்தது.

இன்னும் கொஞ்சம் நாள் விட்டிருந்தால்? கெடு முடிந்ததும் ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்துச் சில நாள் முதல் 45 நாள் வரை பெரும்பாலும் வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கலாம். அதைத் தாண்டிப் பெயர் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம், அபராதம் நன்றாகவே வலிக்கும். அப்புறம் ஐந்து நாள் யாராலும் தொட முடியாது. ஆறாம் நாள் பெயர் பொதுவுக்கு விழும். விழும் நொடியிலேயே கவ்விக்கொள்ள நிரல் எழுதி வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. கைவிரலால் நீங்கள் அவர்களோடு போட்டி போட முடியாது. பல ரிஜிஸ்ட்ரார்கள் அதுவரைகூடக் காத்திருப்பதில்லை, முன்னதாகவே ஏலத்தில் விட்டுவிடுவார்கள். இதெல்லாம் பொதுப் பெயர்களுக்கு. நாட்டுக்குறியோடு முடியும் பெயர்களுக்கு அந்தந்த நாட்டு விதி. சில இடங்களில் இத்தனை தவணை கிடையாது.

வெப்சைட் போனால் வியாபாரம் போகும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்களிடம்தான் எனக்கு உண்மையான கவலை. பழைய பெயரைப் பிடித்தவர் அதில் ஒரு மெயில் சர்வரை நிறுத்தி, எந்தப் பெயருக்கு வந்தாலும் எனக்குக் கொடு என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அதோடு உங்கள் கணக்காளருக்கு வரும் இன்வாய்ஸ், முன்னாள் ஊழியருக்கு வரும் வங்கிக் கடிதம் எல்லாம் அவர் கையில். அந்த முகவரிகளை வைத்து எங்கெல்லாம் கணக்குத் திறந்திருந்தீர்களோ அங்கெல்லாம் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டேன்" அழுத்துவார். ஹேக்கிங்கே தேவையில்லை. 2022 மே மாதம் பைத்தான் கணினி மொழியின் நிரல் தொகுப்பு ஒன்று இப்படித்தான் கைமாறியது: தொகுப்பை எழுதியவரின் மெயில் டொமைன் காலாவதியாகிக் கிடந்தது, ஒருவர் அதைப் பதிந்து, பாஸ்வேர்டை மாற்றி, தொகுப்புக்குள் திருட்டு நிரலைச் செருகினார்.

பெயர்களையே நிர்வகிப்பவர்கள் தப்பித்தார்களா? டாட் மொபி பெயர்களின் பதிவேட்டு சர்வர் முன்பு ஓடிக்கொண்டிருந்த டொமைனை, வேறு பெயருக்கு மாறியபின் அப்படியே விட்டுவிட்டார்கள். 2024இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர் அதை 20 டாலருக்குப் பதிந்தார்கள். சில நாட்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள், அரசு அலுவலகக் கணினிகள் உட்பட, அந்தப் பழைய முகவரிக்கே வந்து விவரம் கேட்டன. வெப்சைட்டுகளுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களும் கேட்டன. அது திருடர் கையில் கிடைக்காதது நம் அதிர்ஷ்டம். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் மெயில் சேவையான ஹாட்மெயிலுக்குள் நுழைய உதவும் பாஸ்போர்ட் டாட் காமைப் புதுப்பிக்க மறந்தது, ஹாட்மெயில் தடுமாறியது, மைக்ரோசாஃப்டின் விண்டோஸுக்குப் போட்டியான லினக்ஸின் புரோகிராமர் ஒருவர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டிக் காப்பாற்றினார். லினக்ஸ்காரர்தான், ஆமாம்.

நானும் யோக்கியன் இல்லை. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு பெரிய அமைப்பை வடிவமைத்தேன். இரண்டு டேட்டா சென்டர், ஒன்று விழுந்தால் முப்பது நொடியில் மற்றொன்று எழும், நள்ளிரவில் சோதனை ஓட்டம், அதற்குத் தனி ஆவணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்க, உலகத்துக்கு எங்களைத் தெரியவில்லை. தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுத்தான் வைத்திருந்தோம். அதோடு இணைத்திருந்த கார்டு காலாவதி. நான் வரைந்த படத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டு பெட்டி இருந்தது, டொமைனுக்குப் பெட்டியே இல்லை. ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்கிறோம்!

இடையில் ஒன்று. திரும்பப் பணம் கட்டியதும் "டிஎன்எஸ் உலகம் முழுக்கப் பரவ 48 மணி நேரம் ஆகும்" என்று எவராவது சொன்னால் தலையாட்ட வேண்டாம். எதுவும் எங்கும் பரவுவதில்லை. வழியில் உள்ள சர்வர்கள் பழைய பதிலை நினைவில் வைத்திருக்கின்றன, அதன் ஆயுள் தீர்ந்ததும் புதிதாகக் கேட்கும். நம் பதிவுகளுக்கு அந்த ஆயுளை நொடிக்கணக்கில் எழுதி வைத்தது நாம்தான்; 86400 என்று எழுதினால் ஒரு நாள், 300 என்றால் ஐந்து நிமிடம். மாற்றம் செய்யப்போகும் முன்பே அதைக் குறைத்து வைக்கத் தெரியாதவர்தான் "பரவுகிறது" என்பார். இது என் தனிப்பட்ட எரிச்சல், விடுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. இன்றே, இதைப் படித்து முடித்ததும்.

உங்கள் டொமைன் எந்த ரிஜிஸ்ட்ராரிடம் இருக்கிறது, என்று முடிகிறது என்று பாருங்கள். ஐகான் தளத்தில் இலவசமாகத் தெரியும். உரிமையாளர் பெயர் வெளியில் தெரியாமல் மறைத்திருக்கலாம், 2018க்குப் பிறகு பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே கணக்குக்குள் நுழைந்தே பாருங்கள். நுழைய முடியவில்லையா? அதுதான் உங்கள் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம். அங்கே உங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும், வெப்சைட் செய்தவர் பெயர் கூடாது, மைத்துனர் பெயரும் கூடாது. தொடர்பு மெயில் இதே டொமைனில் இருக்கவே கூடாது, வேறு இடத்தில் இருக்கட்டும். குறைந்தது இரண்டு பேருக்குக் கணக்கு தெரிந்திருக்கட்டும். ஒருவர் விலகும் நாளில் அவருடைய அடையாள அட்டையை வாங்குவதோடு ஓடிபி எண்ணையும் மாற்றுங்கள். தானாகப் புதுப்பிப்பதைப் போட்டு வையுங்கள், ஆனால் நம்பாதீர்கள். கார்டு மாறும்போதெல்லாம் இங்கும் மாற்றுங்கள். காலண்டரில் எழுதுங்கள். பெயரை வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றவிடாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் லாக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

10 வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாமா என்று கேட்பார்கள். கட்டலாம். பத்தாவது வருடம் அந்த அலுவலகத்தில் யார் இருப்பார் என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய டொமைனைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஊழியர் ஒவ்வொருவரும் எங்கெங்கோ அந்த மெயிலில் கணக்குத் திறந்திருப்பார்கள், நீங்கள் அனுப்பிய பழைய ஆவணங்களில் அந்த இணைப்புதான் இருக்கும். வருடம் ஒரு முறை கட்டும் தொகைதான். பல வருடம் கட்டுங்கள்.

அப்புறம், "உங்கள் டொமைன் முடியப்போகிறது, உடனே கட்டுங்கள்" என்று முன்பின் தெரியாத கம்பெனியிலிருந்து கடிதம் வந்தால் கட்டாதீர்கள். அது உங்கள் பெயரைத் தங்கள் பக்கம் இழுக்கும் வேலை. உங்கள் ரிஜிஸ்ட்ரார் யார் என்று தெரிந்திருந்தால் இந்த வலையில் விழ மாட்டீர்கள்.

வெப்சைட் செய்துகொடுக்கும் தம்பி தங்கைகளே, உங்களிடமும் கொஞ்சம். அவசரத்தில் உங்கள் கணக்கிலேயே பெயரைப் பதிந்து கொடுத்தீர்கள், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, தெரியும். வாடிக்கையாளரே "நீங்களே வாங்கிடுங்க" என்றிருப்பார். ஆனால் உங்கள் கணக்கில் கிடக்கும் அந்தப் பெயர்களில் எத்தனை உங்களுடையவை? அந்தப் போனுக்குப் பிறகு என் கணக்கைத் திறந்து பார்த்தேன். என்னுடையது அல்லாத இரண்டு பெயர்கள் இருந்தன, ஒன்று 2009இல் பதிந்தது. இருவருக்கும் எழுதி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.