வராத ரயிலுக்கு முற்பணம் கட்டாதீர்கள்

வெள்ளவத்தையில் இருந்து காணி உறுதி எழுதும் என்னைப் போன்ற ஒரு நொத்தாரிசுக்கு வீட்டு விளம்பரத் தாள்கள் கட்டுக்கட்டாக வந்து சேரும். கடல் தெரியும் பல்கனி, நீச்சல் தடாகம், ஜெனரேட்டர் எல்லாம் பழைய கதை. ராஜகிரிய, பத்தரமுல்லை, மாலபே பக்கத்துத் தொடர்மாடிகளுக்கான தாள்களில் வரைபடம் ஒன்றும் இருக்கும். அதில் நீலப் புள்ளிக் கோடு, கோட்டில் குட்டி ரயில் படம், ‘நிலையத்துக்கு நடந்தே போகலாம்’ என்று ஒரு வரி.

“பிள்ளை, ஸ்டேஷன் வாசலுக்கே வருதாம். லண்டனில இருக்கிற மகன் அட்வான்ஸ் அனுப்பிப்போட்டான்” என்று சொல்லிக்கொண்டு வருகிற அம்மாமாரிடம் நான் முதலில் கேட்பது, எந்த ஸ்டேஷன் என்றுதான்.

கொழும்பில் நிலத்துக்கு அடியில் ஓடும் ரயில் கிடையாது. இலகு ரயிலும் கிடையாது. இருப்பவை பழைய டீசல் பாதைகள்தான். கரையோரப் பாதை கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று கடலை ஒட்டியே போகிறது. களனிவெளிப் பாதை நாரஹேன்பிட்டி, நுகேகொடை, மஹரகமை வழியாக ஒற்றைத் தண்டவாளத்தில் அவிசாவளைக்குப் போகிறது. காலையில் வெள்ளவத்தை நிலையத்தில் கதவில் தொங்கிக்கொண்டு ஏறினாலும், அந்த ரயில் நிச்சயமாக வரும்.

விளம்பரத்தில் இருக்கும் நீலக் கோட்டின் கதை வேறு. மாலபேயிலிருந்து கோட்டை வரை 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள், தூண்களுக்கு மேலே ஓடும் இலகு ரயில். 2019 மார்ச்சில் ஜப்பானின் அரச உதவி நிறுவனமான ஜெய்க்காவுடன் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. வட்டி 0.1 சதவீதம், திருப்பிக் கட்ட 40 வருடம். இதைவிட மலிவான கடனை யாரும் தரமாட்டார்கள். ஆனாலும் 2020 செப்டெம்பரில் ஜனாதிபதி செயலகத்திலிருந்து போன ஒரு கடிதத்தோடு எல்லாம் நின்றது. செலவு அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணம். 2023 மே மாதம் டோக்கியோ போன அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, திட்டத்தை நிறுத்தியதற்காக வருத்தம் தெரிவித்தார். வருத்தம் தெரிவித்தால் தூண் எழும்பாது.

“சென்னையில் வந்துவிட்டதே” என்பார்கள். வந்ததுதான். 2009 ஜனவரியில் மத்திய அரசு அனுமதித்தது. கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையில் முதல் ரயில் ஓடியது 2015 ஜூன் 29 அன்று. பணமும் அனுமதியும் கையில் இருந்தபோதே ஆறு வருடத்துக்கு மேல். இரண்டாம் கட்டமாக 118.9 கிலோமீற்றருக்கு இப்போதும் அங்கே வேலை நடக்கிறது.

சரி, விளம்பரத்தை நம்பி வாங்கிவிட்டு, ரயில் வரவில்லை என்று வழக்குப் போடலாமா? விற்பனை ஒப்பந்தத்தின் பின்பக்கங்களைப் புரட்டுங்கள். படங்களும் வரைபடங்களும் விளக்கத்துக்கு மட்டுமே, அவை ஒப்பந்தத்தின் பகுதி அல்ல என்ற வாசகம் அநேகமாக அங்கே இருக்கும். முற்பக்கத்தில் ரயில் படம் எவ்வளவு பெரிதோ, இந்த எழுத்து அவ்வளவு சிறிது. நிலையத்துக்காக விலையில் கூட்டிய காசு எவ்வளவு என்று விற்பவரிடம் நேரே கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்று பாருங்கள்.

இன்னொரு பக்கத்தை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. உயரத்தில் ஓடும் ரயிலுக்கும் தூண் ஊன்றவும் படிக்கட்டு இறக்கவும் நிலம் வேண்டும். நிலையம் ‘வாசலுக்கே’ வந்தால் வாசலே போகலாம். அரசு தனியார் காணியை எடுப்பதற்கான 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தில் இது படிப்படியாக நடக்கும். 2ஆம் பிரிவு அறிவித்தலோடு அளக்க வருவார்கள். 4ஆம் பிரிவு அறிவித்தலில் ஆட்சேபம் கேட்பார்கள்; அதற்கு 14 நாளுக்குக் குறையாத அவகாசம் தரவேண்டும். 5ஆம் பிரிவில் அமைச்சரின் பிரகடனம். 7ஆம் பிரிவில் நட்டஈட்டுக்கு உரிமை கோரல். அவசரம் என்றால் 38ஆம் பிரிவின் கீழ் நட்டஈடு தீருமுன்னரே காணியை எடுத்துக்கொள்ளலாம்.

நட்டஈட்டுக்கான சந்தை விலை, 7ஆம் பிரிவு அறிவித்தல் வர்த்தமானியில் வெளியான திகதியில் காணிக்கு இருந்த விலைதான். மேல் மாகாணத்தில் உறுதிக்கு முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். இதை மிச்சம் பிடிக்க உறுதியில் விலையைக் குறைத்துப் போடச் சொல்லிக் கெஞ்சுகிறவர்கள் எக்கச்சக்கம். சட்டப்படி பிழை என்பது ஒரு புறமிருக்க, காணி எடுக்கப்படும் நாளில் ‘நீங்களே இவ்வளவுக்குத்தானே வாங்கினீர்கள்’ என்று அதே உறுதி உங்கள் முன்னால் விரிக்கப்படும். அப்போது என்னைத் திட்டிப் பயனில்லை.

ஆகவே முற்பணத்துக்கு முன்னரே, விற்பவர் காட்டுவதை மட்டும் பார்க்காமல், மாநகர சபையில் ஸ்ட்ரீட் லைன் சான்றிதழும் (வீதிக் கோடு காணியை எங்கே வெட்டுகிறது என்று காட்டுவது) நொன் வெஸ்டிங் சான்றிதழும் (காணி சபைக்குச் சொந்தமாகிவிடவில்லை என்று சொல்வது) எடுங்கள். பத்துப் பேர்ச் காணியின் முன்புறத்தில் வீதிக் கோடு ஒன்றரைப் பேர்ச்சை வெட்டினால், நீங்கள் கட்டக்கூடியது எட்டரைப் பேர்ச்சில்தான். பத்துக்கும் விலை கொடுக்கிறீர்கள். அப்புறம் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் அந்தக் காணித்துண்டுக்கு ஏதாவது சுவீகரிப்புக் கோப்பு திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். ஒரு காலைப்பொழுது செலவாகும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. இந்த அறிவித்தல்களை மூன்று மொழியிலும் காணியிலோ அருகிலோ ஒட்டுவார்கள். ரொறன்ரோவில் இருக்கும் உங்களுக்கு மதிலில் ஒட்டிய தாள் தெரியாது. வாடகைக்கு இருப்பவர் அதைப் படித்து உங்களுக்குச் சொல்லப்போவதும் இல்லை. ஆட்சேபமும் உரிமை கோரலும் உங்கள் சார்பில் செய்ய இங்கே ஒருவருக்கு அற்றோர்னித் தத்துவம் கொடுத்து அதைப் பதிவு செய்துவிடுங்கள். வாடகை வாங்க மட்டும் எழுதிய பழைய பத்திரம் இருந்தால், சுவீகரிப்பு விடயங்களும் அதில் இருக்கின்றனவா என்று உங்கள் சட்டத்தரணியிடம் காட்டிப் பாருங்கள்.