‘அறநெறி ஊடுருவல்’ அல்ல, இசைவுக் கொந்தல்

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் கணினிப் பயிற்சி நோட்டீஸ் எதை எடுத்தாலும் ‘அறநெறி ஊடுருவல்’ என்று ஒரு வகுப்பு இருக்கிறது. சிலவற்றில் ‘நன்னெறி ஹேக்கிங்’. ஆங்கிலத்தில் ‘எத்திகல் ஹேக்கிங்’ என்பதைத்தான் இப்படி மாற்றியிருக்கிறார்கள். மொழிபெயர்த்தவர் அகராதியில் ‘எத்திகல்’ என்ற சொல்லுக்கு நேரே இருந்ததை அப்படியே எடுத்து வைத்துவிட்டார். இதில் ‘ஊடுருவல்’ பாதிப் பிழை. ‘அறநெறி’ முழுப் பிழை.

மூலச் சொல்லை முதலில் பார்த்துவிடலாம். ‘ஹேக்’ என்பதன் பழைய பொருள் கோடரியால் கண்டபடி கொத்துவது. அமெரிக்காவில் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களின் மாதிரி ரயில் மன்றம் 1955 ஏப்ரலில் எழுதிய கூட்டக் குறிப்பு, மின் இணைப்புகளில் ‘ஹேக்’ செய்கிறவர்கள் ஃபியூஸ் போகாதபடி மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலை பார்க்கச் சொல்கிறது. அதில் திருட்டு வாடையே இல்லை. 1993இல் வந்த இணையச் சொற்பட்டியலான ஆர்எஃப்சி 1392, ஒரு கட்டகத்தின் (சிஸ்டம்) உள்வேலையை நுணுக்கமாக அறிந்து மகிழ்கிறவரையே ‘ஹேக்கர்’ என்கிறது. அனுமதியின்றி நுழைகிறவருக்கு அதில் ‘கிராக்கர்’ என்று தனிப் பெயர் உண்டு. செய்தித்தாள்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன.

தமிழில் இதற்குக் ‘கொந்தல்’ என்ற சொல்லைக் கணிமை ஆர்வலர்கள் ஏற்கெனவே புழங்குகிறார்கள். கொத்து, கொந்து இரண்டும் ஒரே குடும்பம். மே மாதம் குன்னூர்ப் பக்கம் ஒரு பிளம்ஸ் மரத்தடியில் நின்று பாருங்கள். சின்னான் குருவி பழத்தில் உட்கார்ந்து அலகால் ஓரிடத்தைத் தேர்ந்து கொந்தும். முதலில் தோலில் ஒரு சின்னத் துளை. அப்புறம் அதே துளையைக் கிளறிக் கிளறிச் சதை வரை போகும். மென்பொருளில் பலவீனமான ஓரிடத்தைக் கண்டு, அதையே திரும்பத் திரும்பத் தட்டி உள்ளே போவதும் இதே வேலைதான். கொந்திய பழம் கெட்டுப்போகலாம். கொந்தியதால்தான் பழம் கனிந்தது தெரியவும் செய்யலாம். சொல் செயலை மட்டும் சொல்கிறது, தீர்ப்பு எதையும் முன்கூட்டியே எழுதிவைக்கவில்லை. எனக்கு வேண்டியது அதுதான்.

ஹேக்கிங்கை ‘இணையத் திருட்டு’ என்று எழுதுகிறவர்களுக்கு நீண்ட மறுப்பு தேவையில்லை. எடுத்தால்தானே திருட்டு? ஓட்டையைக் கண்டு உரியவரிடம் சொல்லிவிட்டுப் போகிறவரை என்னவென்று அழைப்பார்கள்? ‘ஊடுருவல்’ அவ்வளவு மோசமில்லை. ஆனால் எல்லையில் ஆள் நுழைவதும் ஊடுருவல், முதுமலைக் காட்டில் உண்ணிச்செடி பரவுவதும் ஊடுருவல். பகை மணம் அதை விட்டுப் போகாது. தவிர, சொந்தக் கணினியைப் பிரித்து மேய்கிறவர் எங்கே ஊடுருவுகிறார்? அதுவும் ஹேக்கிங்தானே.

இனி ‘அறநெறி’. ‘எத்திகல் ஹேக்கிங்’ என்பது 1990களில் ஐபிஎம் நிறுவனத்தார் வழக்கில் கொண்டுவந்த தொழிற்பெயர். அதன் முழுப் பொருளும் ஒரே சொல்லில் அடங்கும்: அனுமதி. உடையவர் எழுத்துமூலம் இசைவு தர வேண்டும். எந்தெந்த முகவரிகள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எதைத் தொடக்கூடாது, கண்டதை யாரிடம் ஒப்படைப்பது என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். தாள் இருந்தால் வேலை ‘எத்திகல்’, இல்லாவிட்டால் இல்லை. வேலை கொடுத்த நிறுவனம் நல்லதா, அதன் கணினியில் இருப்பது யாரை ஏய்த்துச் சேர்த்த பணம் என்பதெல்லாம் அந்தத் தாளுக்குத் தெரியாது. அறம் எழுத்துமூல ஒப்பந்தத்தில் அடங்குகிற பொருளா? தமிழில் அறம் என்று சொல்லிவிட்டால் கேட்பவர் மனத்தில் நீதி, இரக்கம், எளியவன் பக்கம் நிற்பது எல்லாம் வந்து நிற்கும். ஒரு வேலை ஒப்பந்தத்தின் மேல் அவ்வளவு பெரிய சொல்லை ஏற்றக்கூடாது.

ஏற்றுவதால் வரும் கெடுதல் வெறும் மொழிக் கெடுதல் அல்ல. ‘அறநெறி ஊடுருவல்’ படித்த பையன், அறத்துக்காக நுழைந்தால் சட்டம் தன்னைத் தொடாது என்று நம்புகிறான். கோத்தகிரிப் பக்கத்துச் சிறு விவசாயி ஒருவருக்கு, பச்சைத்தேயிலை வாங்கும் இடத்தில் எடையில் கை வைக்கிறார்கள் என்ற சந்தேகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஈரத்துக்கு, முற்றலுக்கு என்று கிலோ கழிக்கிறார்கள். கழித்தது போகத் தராசே குறைத்துக் காட்டுகிறதோ என்று தோன்றுகிறது. மகன் அலுவலகக் கணினியின் கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே போய்க் கணக்கை நகலெடுத்து வருகிறான். நோக்கம் நியாயமானதுதான். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு, உரியவர் அனுமதியின்றி நுழைவதையும் நகலெடுப்பதையும் இழப்பீட்டுக்குரியதாக்குகிறது. நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்ததாக நிறுவப்பட்டால் 66ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த 66ஆம் பிரிவின் தலைப்பே முதலில் ‘ஹேக்கிங்’ என்றுதான் இருந்தது. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, அனுமதி, நோக்கம் என்ற இரண்டையும் தனித்தனியாக வைத்தார்கள். சட்டம் எழுதியவர்கள் பிரித்ததை நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘அறநெறி’ என்று மறுபடி ஒட்டவைக்கிறார்கள்.

கொண்டுவந்த கணக்கு வழக்கிலாவது உதவுமா என்றால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதினியம் 63ஆம் பிரிவு மின்னணு நகலுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அந்தக் கணினிக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்புக்குக் கைரேகை போன்ற எண்ணும், அதில் இருக்க வேண்டும். நுழைந்து எடுத்தவனுக்கு அந்தக் கையெழுத்தை யார் போட்டுத் தருவார்? தராசு மேல் சந்தேகம் என்றால் அதில் ஆண்டுக்கொரு முறை குத்தும் முத்திரையைப் பார்க்கலாம். முத்திரையிட்ட 20 கிலோ படிக்கல்லை வைத்துச் சரிபார்க்கச் சொல்லலாம். தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம். இதில் எதற்கும் கொந்தத் தேவையில்லை.

அதற்காக, அனுமதியில்லாத கொந்தலில் நீதியே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதைத் தனியாக எடை போட வேண்டும் என்கிறேன். 2015 ஜூலையில் அடுத்தடுத்து இரண்டு நடந்தன. அரசுகளுக்கு உளவு மென்பொருள் விற்ற இத்தாலிய ஹேக்கிங் டீம் நிறுவனத்தின் 400 ஜிபி கோப்புகளை ஒருவர் வெளியிட்டார். யார் யாருக்கு உளவுக் கருவி விற்றார்கள் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. அடி விழுந்தது கருவி விற்றவர் மேல். அதே மாதம், திருமணமானவர்கள் ரகசியத் துணை தேடும் ஆஷ்லி மேடிசன் தளம் கொந்தப்பட்டது தெரியவந்தது. தளத்தார் 19 டாலர் வாங்கிக்கொண்டு விவரங்களை அழிப்பதாகச் சொல்லிவிட்டு அழிக்கவில்லை என்பது கொந்தியவர்களின் குற்றச்சாட்டு. அதற்காக அவர்கள் வெளியிட்டதோ 3 கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களின் விவரங்களை. ஏமாற்றியவன் ஒருவன், தெருவில் நின்றவர்கள் ஏமாந்தவர்கள். இரண்டையும் செய்தவர்கள் நீதி என்றே சொன்னார்கள். அடி யார் மேல் விழுகிறது, கொந்தியவர் எதைத் தொடாமல் விட்டார், முதலில் முறையிட்டுப் பார்த்தாரா என்று கேட்டுத்தான் அறம் என்ற சொல்லைக் கொடுக்கவோ மறுக்கவோ முடியும். அந்தக் கேள்விகளுக்காக அறம் என்ற சொல் மிச்சமிருக்கட்டும்.

ஆகவே உடையவர் அனுமதியோடு செய்வது இசைவுக் கொந்தல். அரசியல், சமூகக் கோரிக்கைக்காகச் செய்யும் ‘ஹேக்டிவிசம்’ போராட்டக் கொந்தல். கேடு செய்ய நுழைவது தகர்ப்பு. உள்ளே இருப்பவரே எடுத்துக் கொடுத்தால் அது கசிவு, கொந்தலே அல்ல.

‘வாட்ஸ்அப் ஹேக் ஆயிடுச்சு’ என்பதும் பெரும்பாலும் கொந்தல் அல்ல, ஏமாற்று. யாரோ கேட்டார்கள் என்று நம் தொலைபேசிக்கு வந்த 6 இலக்கச் சரிபார்ப்பு எண்ணைச் சொல்லிவிட்டதன் விளைவு. உடனே நம் எண்ணை வைத்தே மறுபடி பதிவு செய்தால் மற்றவர் வெளியேறிவிடுவார். அவர் இருபடிச் சரிபார்ப்புக்கான ரகசிய எண் (PIN) வைத்துவிட்டிருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். *401* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொல்லியிருந்தால் நமக்கு வரும் அழைப்புகள் அவருக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கும். ##002# அழுத்தி அதை நீக்கலாம். ‘ஹேக்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதால், பூட்டு பலமில்லை என்று நினைக்கிறோமே தவிர, சாவியைக் கொடுத்ததே நாம்தான் என்பது தெரியாமலே போகிறது.

பேச்சில் ‘ஹேக்’ என்றே சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை. அச்சடிக்கும்போது மட்டும் ‘இசைவுக் கொந்தல்’ என்று போடுங்கள். ஆளைக் குறிக்கக் ‘கொந்தர்’ போதும். ‘கொந்தன்’ என்று சிலர் எழுதுகிறார்கள். பெண்கள் இந்த வேலையில் இருப்பதை அது மறைக்கிறது, போதாததற்குக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுப் பேசுவது போலவும் ஒலிக்கிறது.