குறுக்கே வந்தவர் மேல்தான் தப்பா?

காஸுவாலிட்டியில் வேலை பார்க்கிற எங்களுக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன வார்த்தை, "திடீர்னு குறுக்க வந்துட்டாங்க சார்". தேவிப்பட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிபட்டு வருகிற எத்தனையோ பேரோடு இதுவும் சேர்ந்தே வருகிறது. தூக்கிக்கொண்டு வந்தவர் சொல்வார், சில சமயம் இடித்த வண்டியின் டிரைவரே சொல்வார், அது அப்படியே ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில், ஏறிவிடும். அடிபட்டவர் நினைவில்லாமல் கிடப்பார். அவர் பக்கத்தைச் சொல்ல ஆள் இருக்காது.

இப்படிக் கண்ட இடத்தில் ரோட்டைக் கடப்பதை ஆங்கிலத்தில் ஜேவாக்கிங் என்பார்கள். ஆங்கில எழுத்து ஜே மாதிரி வளைந்து நடப்பதால் வந்த பெயர் என்று சிலர் விளக்குவது சரியில்லை. அந்தக் காலத்து அமெரிக்கப் பேச்சில் ஜே என்றால் விவரம் தெரியாத பட்டிக்காட்டான். கவனியுங்கள், இந்தத் திட்டை முதலில் வாங்கியவர்கள் வண்டி ஓட்டியவர்கள். 1905 வாக்கில் கான்சாஸ் மாநிலப் பத்திரிகைகள் தப்பான பக்கத்தில் வண்டி ஓட்டுபவனை ஜே டிரைவர் என்று எழுதின. நடப்பவன் பக்கம் அது அப்புறம்தான் திரும்பியது.

1920-களில் அமெரிக்காவில் கார்கள் பெருகி, தெருவில் விளையாடிய பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தபோது ஊர்க் கோபமெல்லாம் கார் மேல்தான் இருந்தது. 1923-ல் சின்சினாட்டி நகரத்தில், மணிக்கு 25 மைலுக்கு மேல் கார் ஓடாதபடி கருவி பொருத்த வேண்டும் என்று கேட்டு 42,000 பேர் கையெழுத்துப் போட்டார்கள். கார் விற்பவர்கள் பதறிப்போய் எதிர்ப் பிரசாரம் செய்து அதைத் தோற்கடித்தார்கள், அதற்குப் பிறகு நடப்பவனைக் குற்றவாளியாக்கும் வேலை மும்முரமானது, 1925-ல் லாஸ் ஏஞ்சலிஸ் சட்டமே போட்டுவிட்டது. அந்த ஊர் இருக்கிற கலிபோர்னியா மாநிலமே 2023-லிருந்து, மோதுகிற ஆபத்து உடனடியாக இல்லாதபோது கடப்பவரைப் போலீஸ் நிறுத்தக் கூடாது என்று மாற்றிக்கொண்டது. இங்கிலாந்தில் இதைக் குற்றமாக வைக்கவே இல்லை.

சரி, நம்ம ரோட்டுக்கு வருவோம். மீன்கூடை சுமந்த ஒரு அம்மா விநாடிக்கு ஒரு மீட்டர் நடப்பார் என்று வையுங்கள். ஏழு மீட்டர் ரோட்டைக் கடக்க ஏழு விநாடி. 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வேன் அந்த ஏழு விநாடியில் 150 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அதாவது அந்தப் பக்கத்து ஓரத்தை எட்டும்போது அடிபட்டால், அவர் ரோட்டில் கால் வைத்தபோது வேன் அவ்வளவு தூரத்தில் இருந்திருக்கிறது, ஓரத்துச் சீமைக்கருவேலம் மறைத்தால் அதுவும் தெரியாது, கண்புரை இருந்தால் கேட்கவே வேண்டாம். இதில் 'திடீர்' எங்கே இருக்கிறது? அந்த வேகத்தில் பார்த்து, பிரேக் பிடித்து நிற்கக் கிட்டத்தட்ட 70 மீட்டர் வேண்டும். 40-ல் வந்தால் சுமார் 26 மீட்டர் போதும்.

காயத்திலும் வேகம் தெரியும். கார் பம்பர் முதலில் முழங்காலுக்குக் கீழே எலும்பை முறிக்கும், அப்புறம் தலை கண்ணாடியில் மோதும். முகப்பு உயர்ந்த வேன் என்றால் இடுப்பிலும் நெஞ்சிலுமே நேராக அடி. சின்னப் பிள்ளைக்குத் தொடை, வயிறு, தலை மூன்றும் போய்விடும். 50-லிருந்து 65-க்கு வேகம் கூடினால், கார் முகப்பில் அடிபடுபவர் சாகும் வாய்ப்பு நாலரை மடங்கு கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் வருகிற டிரைவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: உச்சிப்புளி, தங்கச்சிமடம் மாதிரி ரோட்டின் இரண்டு பக்கமும் வீடுகள் இருக்கிற இடத்தில் 40-க்குக் கீழே வாருங்கள். சிக்னலோ போலீஸோ இல்லாத வரிக்கோட்டில் (ஜீப்ரா கிராசிங்) நடப்பவருக்கே முன்னுரிமை என்பது நம் நாட்டு விதி, ஆனால் அதை மதித்து நிற்கிற வண்டியைப் பார்ப்பது அபூர்வம்.

அடிபட்டவரை 108-ல் ஏற்றிக்கொண்டு வருகிற நல்ல மனசுக்காரர்களுக்கும் ஒன்று. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள். "குறுக்க வந்தாரு" என்று யாரோ சொன்னதைத் திருப்பிச் சொன்னால், நாளைக்கு நஷ்டஈடு வழக்கில் அடிபட்டவர் மேலும் தப்பு உண்டு என்று சொல்லித் தொகையைக் குறைக்க அந்த ஒரு வரியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். குடும்பத்தார் ஏ.ஆர். நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தவறாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடமும் போலீஸிடமும் எழுத்தில் கொடுங்கள்.